ரைசன் 7600இல் ஒன்றரை வருடம்: புது மெஷின் ஏன் அடிக்கடி விழுந்தது?

வீடியோ எடிட்டிங்குக்காக நானே பூட்டிய டெஸ்க்டொப் இது. ஏஎம்டியின் ரைசன் 5 7600 புரொசெசர், பி650 மதர்போர்ட், 32 ஜிபி டிடிஆர்5 ராம், 650 வாட் பவர் சப்ளை, நடுத்தர விலையில் ஒரு கிராபிக்ஸ் கார்ட். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலும் வேறு இடங்களிலும் விலை கேட்டு, பாகங்களைத் தனித்தனியாகத்தான் வாங்கினேன். ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. வேகத்தில் குறையே இல்லை. ஆனால் முதல் சில கிழமைகள் அது படுத்திய பாடு இருக்கிறதே, அதை விளக்கமாகச் சொன்னால் புதிதாகப் பூட்டுகிறவர்களுக்கு உதவும்.

விசித்திரம் என்னவென்றால், கனமான வேலையில் அது விழவில்லை. ஒரு கல்யாண வீடியோ முழுதாக ரெண்டர் ஆகி (எடிட் செய்தது ஒரே வீடியோக் கோப்பாகி) முடியும். அப்புறம் பிரௌசரில் சும்மா செய்தி வாசித்துக்கொண்டிருக்கும்போது, விண்டோஸ் பிழை காட்டி நின்றுவிடும் நீலத் திரை வரும். ஒருநாள் 'மெமரி மேனேஜ்மென்ட்' என்றது. இன்னொருநாள் 'ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்குவல்'. பெரிய ஸிப் கோப்பை விரித்தால் 'கோப்பு பழுது' என்று நிற்கும். அதே கோப்பை மறுபடி விரித்தால் ஒழுங்காக விரியும். எனக்குச் சந்தேகம் கிளம்பியது அங்கேதான். டிஸ்க்கில் இருக்கிற கோப்பு தானாகப் பழுதாகித் தானாகத் திருந்தாது. வழியில் எதுவோ தரவை மாற்றுகிறது.

ராம் வாங்கிய கடையில் கேட்டேன். "விண்டோஸைத் திருப்பிப் போட்டுப் பாருங்கோ தம்பி" என்றார்கள். எந்த வருத்தத்துக்கும் ஒரே கசாயம். நண்பன் ஒருவன் பவர் சப்ளையை மாற்றச் சொன்னான். இன்னொருவன் கொழும்பு வெக்கையைக் குற்றம் சொன்னான். வெக்கையாக இருந்தால் ரெண்டர் நேரத்தில் அல்லவா விழவேண்டும்? அதோடு இந்த ரைசன் சிப்பின் வரம்பு 95 பாகை. அதை நெருங்கினால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமே தவிர உடனே விழுந்துவிடாது.

நடந்த பிழைகளை விண்டோஸ் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் எல்லோருக்கும் கண்ணில் படுவது 'கேர்னல் பவர் 41'. பெயரில் பவர் இருப்பதால் பலர் நேரே பவர் சப்ளை வாங்க ஓடுகிறார்கள். மெஷின் ஒழுங்காக மூடப்படாமல் திரும்ப எழும்பியது என்பதைத் தவிர அந்த வரி வேறெதுவும் சொல்வதில்லை. அதைத் திறந்து உள்ளே 'பக்செக் கோட்' என்ற இடத்தைப் பார்க்கவேண்டும். அங்கே பூச்சியம் இருந்தால் கரண்ட் அறுந்திருக்கலாம், அல்லது மெஷின் உறைந்து நாமே பட்டனை அமத்தியிருக்கலாம். வேறு எண் இருந்தால் விண்டோஸ்தான் நீலத் திரையோடு விழுந்திருக்கிறது. நீலத் திரையில் ஒவ்வொரு தடவையும் ஒரே டிரைவரின் (ஒரு பாகத்தை இயக்கும் மென்பொருளின்) பெயர் வந்தால் அந்த டிரைவரைப் பிடிக்கலாம். தடவைக்குத் தடவை வேறு வேறு பிழை என்றால் முதலில் ராமைச் சந்தேகப்படுங்கள்.

மதர்போர்டின் அமைப்புத் திரையான பயோஸில், ராமைக் கூட்டிய வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போவை நிறுத்தி ராமை அதன் சாதாரண வேகத்துக்கு இறக்கினேன். நீலத் திரை நின்றது. திரும்ப எக்ஸ்போவின் 6000 வேகத்தில் வைத்து, பென் டிரைவில் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸைப் போட்டு இரவு முழுக்க ஓடவிட்டேன். விடியப் பார்த்தால் பிழைகள் குவிந்திருந்தன. சரி, இரண்டு ராம் குச்சிகளில் எது கெட்டது? ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்தால் இரண்டுமே சுத்தம்! சேர்த்துப் போட்டால்தான் சண்டை. ஸ்டிக்கர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது விளங்கியது: மொடல் பெயர் ஒன்று, தயாரிப்புத் தொகுதி வேறு. சோடியாகப் பரிசோதித்து ஒரே பெட்டியில் வரும் கிட் என்று நான் காசு கொடுத்தது, இரண்டு தனிக் குச்சிகளுக்கு. ஒரே மொடல் பெயரின் கீழ் உள்ளே வேறு வேறு சிப் வருவது இந்தத் தொழிலில் சாதாரணம்.

7000 வரிசை ரைசனுக்கு ஏஎம்டி உத்தரவாதம் தருவது 5200 வரைதான். 6000 என்பது எக்ஸ்போ வழியாக நாம் கூட்டிக்கொள்கிற வேகம். கடைக்காரர் இதையே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் வாதாடினார். தனியாகவும் சேர்த்தும் எடுத்த முடிவுகளை ஃபோனில் காட்டி, பெட்டியில் 6000 என்று அச்சடித்திருப்பதையும் காட்டிய பிறகு, சீல் உடைக்காத கிட் ஒன்று தந்தார். அதன்பின் ராமால் ஒரு விழுகை இல்லை. (புது ராம் போட்டதும் திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும். போர்ட் புது ராமுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்யும் டிடிஆர்5 மெமரி டிரெய்னிங் அது. பதறி ரீசெட்டை அமத்தாதீர்கள்.)

சில மாதம் கழித்து வேறு வருத்தம். ரெண்டர் ஓடும்போது லைட் ஒருதரம் மினுங்கினால் மெஷின் பட்டென்று அணையும். இந்தத் தடவை பக்செக் கோட் பூச்சியம், ஆகவே ராமைத் தொடவேயில்லை. பழைய மெஷினோடு இருந்த, கரண்ட் போனால் பற்றரியில் தாங்கும் 650 விஏ யூபிஎஸ் உண்மையில் தாங்குவது 360 வாட் அளவுதான். மொனிட்டரையும் சேர்த்தால் ரெண்டர் நேரத்தில் அது போதாது. 1200 விஏ ஒன்று வாங்கினேன். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அன்று வேலையைச் சேமித்து ஆறுதலாக மூட நேரம் கிடைத்தது.

வெள்ளவத்தையில் கடல் பக்கம் இருப்பதால் கேஸின் பின்பக்க ஆணிகளில் துரு பிடித்திருக்கிறது. உள்ளே பாதிப்பில்லை. மாதத்துக்கு ஒருக்கால் தூசி தட்டுகிறேன், அவ்வளவுதான்.

அடுத்தது 64 ஜிபி. போர்டில் இரண்டு இடம் காலியாக இருக்கிறது, ஆனால் அங்கே இன்னும் இரண்டு குச்சி செருகப்போவதில்லை. நான்கு குச்சி போட்டால் இந்தச் சிப்புக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் 3600க்கு இறங்கிவிடும். இருக்கிற கிட்டை விற்றுவிட்டு, குச்சி ஒவ்வொன்றும் 32 ஜிபியாக உள்ள சோடி ஒன்று, கடையிலேயே பெட்டியைத் திறந்து ஸ்டிக்கரைப் பார்த்து வாங்குவதாக இருக்கிறேன்.