க்ரூஸ் கண்ட்ரோல் செட் ஆகவில்லையா? ஸ்டியரிங்கைக் கழற்ற விடாதீர்கள்

போன மாதம் சேலத்திலிருந்து கோவை திரும்பும்போது க்ரூஸ் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே வண்டியை ஒரே வேகத்தில் ஓட வைக்கும் வசதி) செட் ஆகவில்லை. பட்டனை அழுத்தினால் மீட்டரில் க்ரூஸ் விளக்கு வருகிறது, 'செட்' மட்டும் வரவே இல்லை. வழக்கமாகப் போகும் வொர்க்‌ஷாப்பில் விட்டேன். ஸ்கேனரை மாட்டி ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "ஸ்டியரிங்குக்குள்ள கிளாக் ஸ்பிரிங் போயிடுச்சு சார்" என்றார்கள். 9,400 ரூபாய் வாங்கிக்கொண்டு மாற்றினார்கள். சரியாகவில்லை. அடுத்து "ஈசிஎம் (இன்ஜினின் கம்ப்யூட்டர்) போயிருக்கும், 48,000 ஆகும்" என்றதும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நண்பர் சொல்லி ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். அவர் முதலில் கேட்டதே இதுதான்: "மாத்தறதுக்கு முன்னாடி ஹாரன் அடிச்சுதுங்களா? ஏர்பேக் லைட் எரிஞ்சுதுங்களா?"

ஹாரன் அடித்தது. ஏர்பேக் விளக்கு எரியவில்லை. ஸ்டியரிங்கில் இருக்கும் வால்யூம் பட்டனும் வேலை செய்தது.

"அப்புறம் எதுக்குங்க அதை மாத்துனாங்க?"

ஸ்டியரிங் திரும்பும்போது கூடவே சுருண்டு விரியும் தட்டையான ஒயர் நாடாதான் கிளாக் ஸ்பிரிங். ஹாரன், ஏர்பேக், பட்டன்கள் எல்லாமே அது வழியாகப் போகின்றன. அது அறுந்தால் பெரும்பாலும் இவற்றில் இன்னொன்றும் சேர்ந்து படுத்துவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதை மாற்ற ஏர்பேக்கைக் கழற்ற வேண்டும். அதற்கு முன் பேட்டரி ஒயரை எடுத்துவிட்டுச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். நான் பக்கத்தில்தான் நின்றேன், பேட்டரியை யாரும் தொடவே இல்லை.

அந்த எலக்ட்ரீஷியனின் ஸ்கேனரில் வந்த பிழைக் குறியீடு பி 0504 (P0504). பிரேக் பெடல் சுவிட்சின் இரண்டு சிக்னலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். அந்தச் சின்ன சுவிட்சுக்குள் இரண்டு கான்டாக்ட் உண்டு. பெடலை மிதித்தால் ஒன்று சேர்ந்து பின்னால் பிரேக் லைட்டை எரிய வைக்கும்; மற்றொன்று பிரிந்து க்ரூஸை நிறுத்தும். கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தார். பெடலிலிருந்து காலை எடுத்ததும் கான்டாக்ட் சேர்ந்து 'பீப்' அடிக்க வேண்டிய இரண்டு பின்னில் சத்தமே இல்லை. பெடலை யாரோ மிதித்துக்கொண்டே இருப்பதாக ஈசிஎம் நினைத்திருக்கிறது, அதனால்தான் க்ரூஸை விடவில்லை. புது சுவிட்ச் 450 ரூபாய், கூலி 200. கால் மணி நேர வேலை.

எனக்குப் பணத்தைவிட வேறொன்றுதான் ஆறவில்லை. மற்ற கான்டாக்ட் போயிருந்தால் பிரேக் லைட்டே எரிந்திருக்காது. குழந்தைகளோடு இரவில் போகிற வண்டி இது.

மறுநாள் வொர்க்‌ஷாப்புக்குப் போய் முதல் நாள் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கினேன். அதிலும் இதே பி 0504. அதைப் பார்த்துக்கொண்டேதான் ஸ்டியரிங்கைப் பிரித்திருக்கிறார்கள். நீங்கள் போனால் அந்த ரிப்போர்ட்டை முதலிலேயே வாங்கிப் படித்துவிடுங்கள், பிறகு எதையும் கழற்றச் சொல்லுங்கள். கழற்றிய பழைய கிளாக் ஸ்பிரிங்கையாவது கொடுங்கள் என்றேன். ஸ்கிராப்பில் போட்டாச்சு என்றார்கள். 9,400 இன்னும் திரும்பி வரவில்லை.