போரா, ஆறா, கேனா: தங்கமீன் தொட்டிக்கு எந்தத் தண்ணீர்?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் மூன்று தண்ணீர் உண்டு. குழாயில் தாமிரபரணி, மோட்டார் போட்டால் போர், குடிக்க 20 லிட்டர் கேன். மூன்றையும் தங்கமீன் தொட்டிக்கு ஊற்றிப் பார்த்துவிட்டேன். இப்போது என் இரண்டு ஒராண்டா (தங்கமீனில் ஒரு வகை) மீன்களும் போர் தண்ணீரில்தான் நீந்துகின்றன. "ஆத்துத் தண்ணி வீடு தேடி வருது, எதுக்கு இந்த உப்புத் தண்ணிய ஊத்துதீய?" என்று எதிர்வீட்டு அண்ணாச்சி இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அவருக்குச் சொன்ன பதில்தான் இது.

கேன் தண்ணீரில்தான் தொடங்கினேன். நாமே குடிப்பது, மீனுக்கு என்ன ஆகிவிடும் என்ற நினைப்பு. 120 லிட்டர் தொட்டி, வாரம் இரண்டு கேன் மாற்றினேன். மூன்றாம் மாதம் மீன்கள் முதுகுத் துடுப்பை மடக்கிக்கொண்டு அடியிலேயே கிடந்தன. தண்ணீரோ கண்ணாடி மாதிரி இருந்தது. பிஎச் (தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் அளவு, குறையக் குறைய அமிலம் அதிகம்) பார்த்தால் டெஸ்ட் கிட்டின் கடைசி மஞ்சள், 6க்கும் கீழே. பதறிப்போய் அன்று இரவே பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு போர் தண்ணீரை ஊற்றினேன். விடியும்போது ஒரு மீன் செத்து மிதந்தது.

ஏன் செத்தது என்று புரிய எனக்கு வெகுநாள் ஆனது. மீன் கழிவில் வரும் அம்மோனியாவை ஃபில்டரில் வாழும் பாக்டீரியா நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. அப்போது அமிலம் உண்டாகும். தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட் சத்துதான் அந்த அமிலத்தை அடக்கிவைக்கிறது. ஆர்ஓ கேனில் அந்தச் சத்து ஏறக்குறைய இல்லை. அதனால் பிஎச் சரிகிறது, பாக்டீரியா சோர்ந்துபோகிறது, அம்மோனியா சேர்ந்துகொண்டே போகிறது. அமிலமான தண்ணீரில் அது அம்மோனியம் என்ற வேறு வடிவில் இருப்பதால் மீனை அவ்வளவாகத் தாக்காது. அதில் போர் தண்ணீரை மொத்தமாகக் கொட்டி பிஎச்சை ஏற்றியதும் அதுவே நஞ்சாக மாறிவிட்டது. "தண்ணி மாத்தினேன், மறுநாள் செத்துப்போச்சு" என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் இந்தச் சந்தேகம்தான் வரும். வாரக்கணக்கில் கெட்ட தண்ணீரைத் தினம் பத்தில் ஒரு பங்காகத்தான் திருத்த வேண்டும்.

ஆகவே நான் பார்ப்பது ஒன்றைத்தான், அமிலத்தை அடக்கும் தண்ணீரின் தாங்குசக்தி. கார்பனேட் அளவைப் பார்க்கும் கேஎச் டெஸ்ட் கிட் என்று கேட்டால் மீன் கடையில் தருவார்கள். நீலம் மஞ்சளாக எத்தனை சொட்டு பிடிக்கிறதோ அத்தனை டிகிரி. எங்கள் வீட்டில் கேன் தண்ணீர் முதல் சொட்டிலேயே மஞ்சளாகிவிட்டது. குழாய்த் தண்ணீருக்கு 3 சொட்டு. போர் தண்ணீருக்கு 14. பக்கெட்டில் வெள்ளையாகப் படிந்து வீட்டில் எல்லோரையும் சலிக்கவைக்கும் அதே உப்புதான் தொட்டியில் மீனைக் காக்கிறது. தங்கமீன் நிறையத் தின்று நிறையக் கழிக்கும் மீன். கடினமான தண்ணீர் அதற்கு ஒத்துக்கொள்ளும்.

குழாய்த் தண்ணீர் மோசமில்லை. அதில் குளோரின் இருக்கும், அது செவுளையும் பாக்டீரியாவையும் ஒருசேரத் தாக்கும். வாய் அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் வைத்தாலோ கடையில் விற்கும் குளோரின் நீக்கிச் சொட்டு விட்டாலோ சரியாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கலங்கலாக வருவதுதான் எனக்குத் தொந்தரவாக இருந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் குழாயும் நின்றது, கரண்டும் இல்லாமல் போரும் நின்றது. டிரம்மில் பிடித்துவைத்த 60 லிட்டர்தான் அப்போது கைகொடுத்தது.

போரிலும் குறை உண்டு. நிலத்தடியிலிருந்து வரும் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு, கரியமில வாயு அதிகம். பிடித்ததும் ஒரு பிஎச் காட்டும், மறுநாள் கூடுதலாகக் காட்டும். அதனால் சனி காலையில் பிடித்து ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) போட்டு ஒரு இரவு வைத்து, ஞாயிறு 40 லிட்டர் மாற்றுகிறேன். மாடித் தொட்டி வெயிலில் கொதிக்குமுன் பிடித்துவிட வேண்டும். பெரிய ஆபத்து வேறு: 30 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நஞ்சான பங்கு 100க்கு 1 கூட வராது, பிஎச் 8 என்றால் 100க்கு 7க்கு மேல். போர் தண்ணீரில் வளர்ப்பவர் தீனியில் தாராளம் காட்டக் கூடாது. கத்திரி வெயிலில் நான் ஒருவேளைதான் போடுகிறேன். கரண்டு போனால் அன்று தீனியே இல்லை.

நான் சொல்வது எங்கள் தெரு போரை வைத்துத்தான். உவரி, கூடங்குளம் பக்கம் கரிக்கும் தண்ணீரில் நான் வளர்த்ததில்லை. அங்கே இருப்பவர்கள் என் பேச்சைக் கேட்டு ஊற்றிவிட வேண்டாம். பேட்டையில் இருக்கும் நண்பருக்குக் குழாய் மட்டும்தான். கார்பனேட் கரைந்து வருவதற்காகச் சிப்பி ஓடுகளை நன்றாகக் கழுவி உடைத்து, வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வைத்திருக்கிறார். 3 சொட்டில் இருந்தது இரண்டு மாதத்தில் 6க்கு வந்திருக்கிறது. மீன் சுகமாக இருக்கிறது.