மண் தூவிய மீனும் ஸ்டிக்கர் ஒட்டிய மீனும்

கடையின் பெயரை எழுதவில்லை. குறை சொல்லப் போகிறேன், அவர்களோ அதைத் திருத்தியும் விட்டார்கள். அதற்கப்புறமும் பெயரைப் போட்டு அடிப்பது நியாயமாகப் படவில்லை. புதுச்சேரியில் பேக்கிங் வைத்துக்கொண்டு கடலூர் வரைக்கும் வண்டி அனுப்புகிற ஒரு ஆன்லைன் மீன் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் மெஸ். மதியச் சாப்பாடு மட்டும்தான், 26 நாற்காலி. சாதாரண நாளில் 9 கிலோ மீன் ஆகும், ஞாயிற்றுக்கிழமை 14. பதினெட்டு வருஷமாக வீட்டுக்காரர்தான் விடியற்காலையில் எழுந்து முதுநகர் துறைமுகத்து ஏலத்துக்குப் போய் வந்தார். போன வருஷம் முழங்கால் அவரைக் கைவிட்டது. அக்டோபரில் இவர்களிடம் மாறினோம். எட்டு மாதம் வாங்கிய பிறகுதான் எழுதுகிறேன்.

முதலில் மீன். காலை ஏழு மணிக்குள் தெர்மாகோல் பெட்டி வந்துவிடும். ஐஸ் கஞ்சத்தனம் இல்லை, அடியிலும் மேலேயும் போடுகிறார்கள். முழு மீனாக வாங்கினால் செவுள் சிவப்பாக இருக்கும். எட்டு மாதத்தில் இரண்டு தடவைதான் திருப்பி அனுப்பினேன், இரண்டு தடவையும் பேசாமல் பணம் வந்துவிட்டது. வெட்டி வாங்கினால்தான் வயிற்றெரிச்சல். ஒரு கிலோ சங்கராவுக்கு 640 கிராம் வருகிறது. நான் வெட்டினால் எழுநூறு நிற்கும். செவுளையும் குடலையும் எடுத்தால் போதாதா, வாலை ஏன் நாலு விரல் தள்ளி வெட்ட வேண்டும்? நெத்திலியை ஆய்ந்து வாங்கவே வாங்காதீர்கள், தண்ணீரில் ஊறிக் கூழாகத்தான் வரும். விலை ஏல விலையைவிடக் கிலோவுக்கு அறுபது எழுபது ரூபாய் கூட. பெட்ரோலையும் முழங்காலையும் கணக்குப் போட்டால் கட்டுப்படியாகிறது.

ஆனால் நான் இவர்களிடம் போனது ஐஸுக்காக இல்லை, ஸ்டிக்கருக்காக. ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு கியூஆர் சதுரம் ஒட்டியிருக்கிறார்கள். போனைக் காட்டினால் மீன் பெயர், பிடித்த தேதி, இறக்கிய இடம், வலை, படகின் பதிவெண் என்று ஒரு பக்கம் திறக்கிறது. நான் தேவனாம்பட்டினத்துப் பெண், அம்மா கூடை சுமந்து மீன் விற்றவள். இதை முதலில் பார்த்தபோது சிரிப்புதான் வந்தது. எங்கள் பக்கத்தில் யார் பிடித்த பாடு, எந்த வலை, எத்தனை பாகம் ஆழமுள்ள தண்ணீர் என்று கேட்காமலே சொல்வார்கள். அதையே ஒரு சதுரத்துக்குள் அடைத்து அறுபது ரூபாய் கூட வாங்குகிறார்களே என்று தோன்றியது. இருந்தாலும் நவம்பரில் வந்த கானாங்கத்தைப் பொட்டலத்தில் முதுநகர், செவுள் வலை என்று போட்டு ஒரு படகு எண்ணும் இருந்தது. அண்ணன் மகனைத் துறைமுகத்துக்கு அனுப்பிப் பார்த்தேன். படகு அங்கேயே நின்றது, படகுக்காரர்களும் அன்றைக்கு இந்தக் கடைக்கு மீன் போட்டதாகச் சொன்னார்கள். அன்றிலிருந்து நம்பினேன்.

மே மாதம் வந்தது வினை.

நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்பது மீன் வாங்குகிற எல்லோருக்கும் தெரியும். விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும். ஃபைபர் படகுக்காரர்கள் கரையோரம் போய்வருவார்கள், அந்த மீன் கொஞ்சமாகத்தான் இருக்கும், விலையும் எகிறும். மே இரண்டாவது வாரத்தில் எனக்கு ஒரே நாளில் மூன்று வஞ்சிரம் வந்தது, ஒவ்வொன்றும் நாலு கிலோவுக்குக் குறையாது. ஸ்டிக்கரில் ‘கடலூர்’. மறுநாளும் அதே மாதிரி, அதே ‘கடலூர்’. படகு எண் இருந்த இடம் மட்டும் காலி.

போன் போட்டேன். எடுத்த பையன் மரியாதையானவன்.

“அக்கா, மீன் ஃப்ரெஷ்ஷா இல்லையா?”

“மீன் நல்லாத்தான் இருக்கு தம்பி. எந்தப் படகு பிடிச்சுதுன்னு கேக்கறேன்.”

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “அது வண்டி வந்து சேர்ற இடம்கா, சிஸ்டம்ல அப்படித்தான் விழுது” என்றான். உண்மையில் மீன் மங்களூரிலிருந்து லாரியில் வந்திருக்கிறது.

எனக்குக் கோபம் வந்ததே இங்கேதான். மேற்குக் கரைக்குத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மே மாதம் மங்களூரில் பிடித்த வஞ்சிரத்தில் எந்தத் தப்பும் கிடையாது, சட்டப்படி பிடித்த நல்ல மீன். உண்மையை எழுதியிருந்தால் ஒரு நஷ்டமும் இல்லை. வெளியூர் மீன் என்றால் கடலூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள் என்று பயந்து ஊர்ப் பெயரை மாற்றியிருக்கிறார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவும் இதைச் செய்திருக்கிறாள். முதல் நாள் ஐஸில் கிடந்த மீனை எடுத்து, மேலே ஒரு பிடி கடற்கரை மண்ணைத் தூவிக் கூடையில் அடுக்குவாள். இப்போதுதான் கரையில் இறங்கியது போலிருக்கும். மஞ்சக்குப்பத்தில் கேட்பவர்களிடம் “காலம்பர பாடு சாமி” என்பாள். மண் கடலூர் மண்தான், மீன்தான் எங்கிருந்தோ வந்தது. இவர்கள் மண்ணுக்குப் பதில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பையனிடம் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டான். மேலிடத்தில் சொல்கிறேன் என்றான். ஒன்பதாவது நாள் ஸ்டிக்கரில் ‘பிடித்த கரை’, ‘பொட்டலம் கட்டிய இடம்’ என்று இரண்டு வரி வந்தது. இதற்காகவே ஒரு நட்சத்திரம் கூடக் கொடுக்கிறேன்.

சனிக்கிழமைகளில் பரங்கிப்பேட்டை கடல்வாழ் உயிரியல் மையத்தில் ஆராய்ச்சி படிக்கிற ஒரு தம்பி சாப்பிட வருவான். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, “உங்க கடைக்காரரு மட்டும் இல்லக்கா, பெரிய பெரிய நாட்டுக்கே இதுதான் தலைவலி” என்று குழம்பு ஆறும் வரை பேசினான். அதிலிருந்து எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

ஐரோப்பாவுக்குப் போகிற கடல் மீனுக்கு 2010 முதல் பிடிப்புச் சான்றிதழ் வேண்டும். எந்தப் படகு, எங்கே, எப்போது என்று அதில் இருக்க வேண்டும். இங்கே அதைக் கொடுப்பது கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம். இலங்கை இந்த விஷயத்தில் சரியில்லை என்று 2015-ல் அதன் மீனையே ஐரோப்பா நிறுத்திவிட்டது, அடுத்த வருஷம்தான் கதவு திறந்தது. நம் கடல் இறாலை அமெரிக்கா 2019 முதல் வாங்குவதில்லை. ஆமை தப்பிக்கிற கருவி நம் இழுவலைகளில் இல்லை என்பது காரணம். அங்கே தட்டில் விழுகிற இறாலுக்கு இத்தனை விசாரணை. என் மெஸ் தட்டில் விழுகிற வஞ்சிரத்தை யார் விசாரிக்கிறார்கள்? நான்தான், ஒரு போனை வைத்துக்கொண்டு.

அதையும் ஒரு கடையோ ஒரு மாநிலமோ தனியாகச் செய்ய முடியாது என்பது இந்தக் கரையில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தாழங்குடா தமிழ்நாடு, வடக்கே கொஞ்சம் போனால் மூர்த்திக்குப்பம் புதுச்சேரி. கவர்மெண்ட் இரண்டு, மீன் ஒன்று. புதுச்சேரிக்குள்ளேயே காரைக்காலுக்கு ஏப்ரலில் தடை, மேற்குக் கரையில் இருக்கிற மாஹேவுக்கு ஜூனில் தடை. ஒரே அரசாங்கத்துக்கு இரண்டு நாட்காட்டி! கரைக்கு ஏற்ப அது சரிதான், ஆனால் ஸ்டிக்கரில் வெறுமே ‘புதுச்சேரி’ என்று போட்டால் எந்தக் கரை என்று எப்படித் தெரியும்? மீன் கூட்டத்தையே வளைத்துச் சுருக்கி அள்ளுகிற சுருக்குமடி வலையைத் தமிழ்நாடு 2000-ல் தடை செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று நிபந்தனையோடு விட்டது. அந்த வலையால் எங்கள் ஊர்களுக்குள் நடந்ததை இங்கே எழுத மனசு வரவில்லை.

வங்கதேசம் முன்பெல்லாம் மே 20 முதல் ஜூலை 23 வரை தடை போடுமாம். அவர்கள் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, ஜூன் பாதியிலேயே நம் பக்கத்துப் படகுகள் கடலில் இறங்கிவிடும். அங்குள்ள மீனவர்கள் கத்திக் கத்தி, 2025-ல் அதை ஏப்ரல் 15 முதல் ஜூன் 11 வரை என்று நம் தேதியோடு ஒட்டினார்கள். தம்பி சொன்னதில் எனக்குப் பிடித்தது இதுதான். பேச ஒரு திண்ணையும் இருக்கிறது: இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு நாலும் சேர்ந்த வங்காள விரிகுடா மீன்வள அமைப்பு 2003 முதல் சென்னையில்தான் இருக்கிறது. தென்கிழக்கு ஆசிய நாடுகள் இன்னும் ஒரு படி மேலே போய், எல்லோருக்கும் பொதுவாக மின்னணுப் பிடிப்பு ஆவண முறையே செய்துவைத்திருக்கின்றனவாம்.

ஸ்டிக்கருக்குத் திரும்புகிறேன். அதில் இன்னும் இல்லாதது அளவு. ஜனவரியில் வந்த கானாங்கத்தையைத் தையல் டேப் வைத்து அளந்தேன். 11, 12 சென்டிமீட்டர். கேரளத்தில் 14-க்குக் குறைந்ததைப் பிடிக்கவே கூடாது. 2015-ல் 14 இன மீன்களுக்கு ஆரம்பித்து 2017-ல் 58 இனங்களுக்கு இப்படி அளவு வைத்துவிட்டார்கள். அங்கே இறக்க முடியாத பொடி மீன் பக்கத்து மாநிலத் துறையில் இறங்கினால் அந்தச் சட்டம் என்ன செய்யும்? முட்டை போடாத மீனைக் குழம்பு வைத்துவிட்டு அடுத்த வருஷம் மீன் இல்லை என்று அழுவதில் எனக்கும் பங்கு உண்டு, பொடி மீன் வறுவலுக்கு என் மெஸ்ஸில் அடிதடி. இப்போது ஆர்டரிலேயே ‘15-க்குக் கீழே வேண்டாம்’ என்று எழுதிவிடுகிறேன். பாதி நாள் கேட்கிறார்கள்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை. முழு மீனாக வாங்குங்கள். ஸ்டிக்கரில் படகு எண் காலியாக இருந்தால் போன் போடுங்கள், பதில் சொல்கிறார்கள். நெத்திலியும் நண்டும் நான் இன்னமும் தேவனாம்பட்டினத்துப் பெரியம்மாவிடம்தான், கூறு கட்டித்தான். தராசு கிடையாது, அவர் கை சில நாள் தாராளம், சில நாள் இறுக்கம்.

ஜூன் முதல் வாரம் இரண்டு கரையிலும் தடை. என்னதான் அனுப்புகிறார்கள் பார்க்கலாம் என்று வேண்டுமென்றே வஞ்சிரம் கேட்டேன். வந்தது. ஸ்டிக்கரில் ‘பிடித்த கரை: மங்களூரு, மே 29, உறைய வைத்தது’ என்று இருந்தது. கரும்பலகையில் நானும் அப்படியே ‘மங்களூரு வஞ்சிரம்’ என்று எழுதி வைத்தேன். யாரும் எழுந்து போகவில்லை. மின்வாரியத்து சார் ஒருவர் மட்டும் குழம்பிலும் மங்களூரு மசாலாவா என்று கேட்டார். இல்லை சார், குழம்பு தேவனாம்பட்டினம் என்றேன்.