குட்டி ஸ்லிங் பேக்: ரெக்ஸினா, தோலா?

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் தொங்கும் குட்டி ரெக்ஸின் பை கண்ணை இழுக்கும்; விலையும் கம்மி. ஆனால் கடல் ஈரக்காற்றில் மேல்பூச்சு தளர்ந்து, மடிப்பிலும் வார் வளையத்தை ஒட்டியும் முதலில் வெடிக்கும், பிறகு செதில் செதிலாக உரியும். பீரோவில் சும்மா கிடந்தாலும் உரியும், அதுதான் கொடுமை.

தோல் பை (1978-இல் இதே ஊரில் தொடங்கிய ஹைடிசைன் கம்பெனியின் பை மாதிரி) விலையும் எடையும் கூட. ஐப்பசி மழையில் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும். உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் காற்றாட விடுங்கள். பிளாஸ்டிக் கவரில் மட்டும் கட்டி வைக்காதீர்கள்.

எதுவானாலும் ஜிப் வாய் 18 செ.மீ. இருக்கட்டும், 6.7 இஞ்ச் போனே 16 செ.மீ. நீளம். தண்ணீர் பாட்டிலுக்கு மஞ்சப்பைதான். கல்யாணம் காட்சிக்கு மட்டும் என்றால் ரெக்ஸின் போதும். கடலூர் பஸ்ஸில் தினமும் போய்வர, தோல்.