இ.இ.இ. முடித்தவர்களே, ‘பயிற்சியோடு வேலை’ என்றால் உஷார் (38,500 போச்சு)

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எனக்குப் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். போன வருடம் இ.இ.இ. (எலக்ட்ரிகல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்) முடித்தேன். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கண்ணெதிரே இருப்பது கஞ்சிக்கோடு தொழிற்பேட்டைதான். நான் போன இடத்திலெல்லாம் “பி.எல்.சி. தெரியுமா?” என்றுதான் கேட்டார்கள். தொழிற்சாலை மெஷின்களைத் தானாக ஓட்டும் சின்னக் கம்ப்யூட்டர்தான் பி.எல்.சி. கல்லூரி லேபில் நான் தொட்டதோ டிரான்ஸ்ஃபார்மர் ஓபன் சர்க்யூட் டெஸ்ட், டி.சி. மோட்டார், அவ்வளவுதான். சரி, கற்றுக்கொள்வோம் என்று வேலந்தாவளம் தாண்டி, கோயமுத்தூரில் ஒரு ஆட்டோமேஷன் பயிற்சி நிலையத்துக்குப் போனேன். 45 நாள் பயிற்சி, நூறு சதவீதம் வேலை, கட்டணம் 38,500 ரூபாய்.

அந்த நிலையத்து மேனேஜர் ஒரு பேனலைத் திறந்து, “தம்பி, ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் எதுக்கு?” என்றார். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் ஸ்டார்ட்டிங் கரண்ட் மூன்றில் ஒரு பங்காகிவிடும் என்றேன். “டார்க்?” என்றார், அதாவது மோட்டாரின் சுழற்று விசை. பதற்றத்தில் “அது மாறாது சார்” என்று உளறிவிட்டேன். “கரெக்ட்! நீங்க செலக்ட் ஆன மாதிரிதான்” என்று கை கொடுத்தார். டார்க்கும் மூன்றில் ஒரு பங்காகத்தான் குறையும். பஸ்ஸில் திரும்பும்போதே நான் தப்பாகச் சொன்னது உறைத்தது. அந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது என்பது மட்டும் உறைக்கவில்லை. பாராட்டினால் புத்தி அப்படித்தான் மழுங்கும் போல. அம்மா பால் ஊற்றிச் சேர்த்த பணம், 38,500 ரூபாய், முழுசாக ரொக்கமாகக் கட்டினேன்.

22 பேருக்கு ஒரே ஒரு கிட். 24 வோல்ட் சப்ளை, நாலு புஷ் பட்டன், சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று விளக்கு. டிராஃபிக் சிக்னல் லேடர் புரோகிராமையே (பி.எல்.சி.க்கு ஏணி மாதிரி வரைந்து எழுதும் புரோகிராம்) மூன்று வாரம் ஓட்டினார்கள். ஒரு மோட்டார்கூடச் சுற்றவில்லை. மெஷின்களைத் திரையில் கண்காணிக்கும் ஸ்காடா மென்பொருளும் டெமோ பதிப்பு, இரண்டு மணி நேரத்தில் தானாக நின்றுவிடும். அதுதான் எங்களுக்கு டீ பிரேக்.

அப்புறம் வேலை? “ஓணம் முடியட்டும்.” “ஹெச்.ஆர். லீவு.” “தீபாவளி கழிச்சுப் பார்க்கலாம்.” நடுவில் ஒரே ஒரு இன்டர்வியூ. போய்ப் பார்த்தால் வீடு வீடாக இன்வெர்ட்டர் பேட்டரி விற்கிற வேலை, சம்பளம் இல்லை, கமிஷன் மட்டும். ரிசப்ஷன் மேடம் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். ஆனால் அடுத்த பேட்ச்சுக்கு ஆள் சேர்த்துவிட்டால் 2,000 ரூபாய் தருவதாக மெசேஜ் மட்டும் தவறாமல் வந்தது.

நேற்று நேரில் போய்ப் பணத்தைக் கேட்டேன். “ரசீதைப் படிச்சீங்களா தம்பி?” என்று மேனேஜர் சிரித்தார். அடியில் எறும்பு எழுத்தில் இருக்கிறது: வேலை தேட உதவி செய்யப்படும், கட்டணம் திருப்பித் தரப்படாது. ‘உதவி’யாம். அதற்கு 38,500.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுதத்தான் நினைத்தேன், பொறுமை இல்லை. ரசீதின் அடியில் இருக்கும் எறும்பு எழுத்தையும் படியுங்கள். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். முன்பு படித்த பேட்ச் ஆட்களை நீங்களே தேடிப் பிடித்துப் பேசுங்கள், பயிற்சி நிலையம் கொடுக்கும் நம்பரில் அல்ல. மத்திய அரசின் நாட்ஸ் (தேசியத் தொழில்பழகுநர் பயிற்சித் திட்டம்) அப்ரென்டிஸ் பதிவுக்குக் காசு கிடையாது, ஒரு வருடம் ஸ்டைபெண்டோடு நிஜ பிளான்ட்டில் நிற்கலாம். கேரள அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுக்கும் விண்ணப்பக் கட்டணம் இல்லை. இதெல்லாம் எனக்கு இப்போதுதான் தெரியும்.

காலையில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்துவிட்டேன். 38,500 திரும்பி வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.