பூட்டிக் கிடந்த வீட்டுக்குப் "பாதுகாப்பு ஆய்வு": பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கும்பகோணம் பக்கம் எங்கள் பெரியப்பா வீடு, அவர் போன பிறகு வருஷக்கணக்கில் பூட்டியே கிடந்தது. அம்மாவை அங்கே குடிவைக்கலாம் என்று முடிவானதும், தீ, மின்சாரம், சுகாதாரம் எல்லாவற்றையும் சோதித்துத் தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு நிறுவனத்தை அழைத்தோம். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் எழுதவில்லை.

ஆள் வந்தார். கையில் சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமரா. ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பிவிட்டார். முழுப் பணமும் வாங்கிக்கொண்டு தடிமனான ஒரு அறிக்கையை பி.டி.எஃப். ஆக அனுப்பினார்கள். பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம், வரிக்கு வரி பச்சை டிக். "மின் இணைப்புகள்: வெப்பநிலை இயல்பு. குடியேறத் தகுந்தது."

இந்த "வெப்பநிலை இயல்பு" என்பதுதான் பெரிய ஏமாற்று. அன்று வீட்டில் எரிந்தது ஒரே ஒரு பல்பு. லூசான இணைப்பு சூடாக வேண்டுமென்றால் அதன் வழியே போதுமான கரண்ட் ஓட வேண்டும். மோட்டார், கீசர், அயர்ன் பாக்ஸ் என்று லோடு கொடுத்துக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் படம் எடுத்தால்தான் தெர்மல் கேமரா எதையாவது காட்டும். நிறுத்தி வைத்த வண்டியின் எஞ்சினைத் தொட்டுப் பார்த்து, சூடே இல்லை, வண்டி நன்றாக இருக்கிறது என்று சொல்வதுபோல் இருந்தது அவர்கள் செய்தது.

ஃபேன் மாட்ட வந்த உள்ளூர் எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் எங்களைக் காப்பாற்றினார். மெயினை அணைத்துவிட்டு பீங்கான் ஃபியூஸ் கேரியரை உருவிக் காட்டினார். உள்ளே ஃபியூஸ் கம்பியே இல்லை. ஒயரிலிருந்து உரித்த செம்பு இழைகளை நாலைந்தாக முறுக்கிச் சொருகியிருந்தது. "தம்பி, ஷார்ட் ஆனா இது போகாது. ஒயர்தான் பத்தும்" என்றார். மரப்பட்டி ஒயரிங்கின் மூடியைக் கழற்றியதும் ஒயரின் உறை கைபட்ட இடமெல்லாம் பொடியாக உதிர்ந்தது. ஒயர் உறை மின்சாரத்தைக் கசியவிடாமல் தடுக்கிறதா என்று அளக்கும் மெக்கர் கருவியை வைத்துப் பார்த்தார். குறைந்தது ஒரு மெகா ஓம் காட்ட வேண்டிய இடத்தில் முள் பூஜ்யத்தை விட்டு நகரவே இல்லை. எர்த் கம்பி பாதியில் அறுந்து தொங்கியது. மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லவே இல்லை. அறிக்கையில் இதில் எதைப் பற்றியும் ஒரு வரிகூடக் கிடையாது.

சமையலறைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. கேஸ் டியூபில் அச்சிட்டிருந்த காலாவதி வருஷம், 2017, அவர்கள் எடுத்த படத்திலேயே தெளிவாகத் தெரிகிறது. அதற்கும் பச்சை டிக்! டியூபின் ஆயுள் ஐந்து வருஷம்தான். கசிந்தால் எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தங்கி நிற்கும். கீழே காற்றோட்டம் இருக்கிறதா என்றும் அவர்கள் பார்க்கவில்லை.

அப்புறம் பரண். ஏணி வைத்து ஏறியிருந்தாலே வௌவால் எச்சம் குவிந்து கிடப்பது தெரிந்திருக்கும். அதில் பூஞ்சை இருக்கக்கூடும். காய்ந்ததை அப்படியே பெருக்கினால் தூசி நேராக நுரையீரலுக்குப் போகும். தண்ணீர் தெளித்து நனைத்து, நல்ல மாஸ்க் போட்டுத்தான் அள்ள வேண்டும். கீழே சம்ப் "காலி, பிரச்சினை இல்லை" என்று எழுதியிருந்தார்கள். டெங்கு கொசுவின் முட்டை காய்ந்த சுவரிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். உள்சுவரைத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் தண்ணீர் விட வேண்டும்.

கேட்டதற்கு, கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தைக் காட்டினார்கள்: "கண்ணால் பார்த்த அளவில் மட்டும்." விளம்பரத்தில் இருந்ததோ "முழுமையான கருவிச் சோதனை". பணம் திரும்பத் தர மாட்டார்களாம், அடுத்த ஆய்வுக்குத் தள்ளுபடி வேண்டுமானால் தருவார்களாம்.

இப்படி யாரையாவது அழைப்பதாக இருந்தால், மெக்கர் அளவும் எர்த் அளவும் எண்ணாகவே அறிக்கையில் வருமா, லோடு கொடுத்துத்தான் தெர்மல் படம் எடுப்பார்களா, சுவிட்ச் போர்டைத் திறப்பார்களா, பரணில் ஏறுவார்களா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். உரிமம் உள்ள உள்ளூர் எலக்ட்ரீஷியன் போதும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டை இன்றைக்கே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் புகார் கொடுத்த மறுவாரமே அவர்கள் அந்த வரியை நீக்கிவிட்டார்கள்.