'வைரஸ் ஒழியும்' என்றால் எந்த வைரஸ்? கேனைத் திருப்பிப் பாருங்கள்

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் நாய்க்குட்டி வளர்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

மார்ச்சில் எங்கள் சிப்பிப்பாறைக் குட்டி பார்வோ என்கிற வைரஸ் நோயில் செத்துப்போய்விட்டது. ரத்தபேதி, மூன்றே நாள். வீட்டைக் கழுவ மருந்து கேட்டுப் பொள்ளாச்சி ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். "பார்வோ வந்த வீடுங்க, இன்னொரு குட்டி வாங்கணும்" என்று சொல்லித்தான் கேட்டேன். ஐந்து லிட்டர் கேன் ஒன்றை எடுத்து வைத்தார். 1,150 ரூபாய். முன்னால் நாய்க்குட்டி படம், '99.9% வைரஸ் ஒழியும்' என்று கொட்டை எழுத்து. "எல்லா வைரசுக்கும் ஆகுங்ணா, பக்கெட்டுக்கு ஒரு மூடி போதும்."

இரண்டு மாதம் தினமும் துடைத்தோம். ஜூனில் புதுக் குட்டி வந்தது. எட்டாம் நாள் அதே வாந்தி, அதே நாற்றம். தடுப்பூசி ஒன்றுதான் போட்டிருந்தது, அது என் தப்பு.

மிருகாசுபத்திரி டாக்டர் கேனைக் கொண்டுவரச் சொன்னார். டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்து, பக்கவாட்டில் எறும்பு மாதிரி இருந்த எழுத்தைப் படித்தார். சோதித்தது இன்ஃப்ளுயன்சா வைரசில். தொடர்பு நேரம் 10 நிமிடம். மருந்து பென்சல்கோனியம் குளோரைடு.

இன்ஃப்ளுயன்சா, கொரோனா இரண்டுக்கும் மேலே கொழுப்பு உறை உண்டு. உறை கிழிந்தால் வைரஸ் செத்தது, சோப்பே அதைச் செய்துவிடும். பார்வோவுக்கு அந்த உறையே கிடையாது. வீட்டிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் கிடக்கும், இந்த மருந்துக்கு அசையாது. அதனால்தான் ஐரோப்பாவின் இஎன் 14476 சோதனையில் முழு வைரஸ்கொல்லி என்று போட வேண்டுமானால் உறையில்லாத போலியோ, அடினோ, எலி நோரோ வைரஸ்களில் பத்தாயிரத்துக்கு ஒன்றுக்கு மேல் மிஞ்சக் கூடாது. அதாவது 99.99%. 99.9 என்றால் ஆயிரத்துக்கு ஒன்று மிஞ்சலாம். பேதியில் கோடிக்கணக்கில் வருகிற கிருமிக்கு அந்த ஒரு ஒன்பது சின்ன விஷயமில்லை.

அப்புறம் அந்த 10 நிமிடம். அத்தனை நேரமும் தரை ஈரமாக இருக்க வேண்டுமாம். நாங்கள் துடைத்தால் சித்தூர் வெயிலில் இரண்டு நிமிடத்தில் காய்ந்துவிடும். பினாயில் டின்னில் கிருமி கொல்லும் வீரியத்தைக் காட்டப் போடுகிற ஆர்.டபிள்யூ. எண்ணைப் பற்றியும் கேட்டேன். அது டைபாய்டு பாக்டீரியாவை வைத்துப் பார்ப்பது, வைரசுக்குச் சம்பந்தமே இல்லை என்றார்.

அவர் சொன்னது இதுதான்: முதலில் சோப்புப் போட்டு அழுக்கைக் கழுவி எடுக்க வேண்டும், அழுக்கு இருந்தால் குளோரின் வீணாகிவிடும். பிறகு 5 சதவீத ஹைப்போகுளோரைட் (குளோரின் ப்ளீச் திரவம்) ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர், புதிதாகக் கலந்தது, பத்து நிமிடம் ஈரமாக. ஆசிட்டோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், மூச்சு முட்டும்.

ஆறு நாள் டிரிப்ஸ் ஏறிக் குட்டி பிழைத்தது. கேனைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். "வைரஸ்னுதானே போட்டிருக்கு, பார்வோன்னு போட்டிருக்காங்ணா?" என்றார். பணம் திரும்ப வரவில்லை. நேற்று அந்த வழியாக வந்தபோதும் அதே நாய்க்குட்டி படக் கேன்கள் வாசலில் அடுக்கியிருந்தன.